எட்டுப் புளியங்கொட்டைகள்

இதை எழுதுவதற்கு முன் உம்மாவிடம் அனுமதி கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "பேரப் போடாம எழுதுங்க மகன். ஊர்ப் பேரும் வாணாம். ஆனா எழுதுங்க" என்றார். நான் எழும்பி வரும்போது, "வாசிக்கிற ஆம்புளைகள் சிரிக்க மாட்டாங்களா?" என்று கேட்டார். சிரிக்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த வாக்குறுதியைக் காப்பாற்றுவது இப்போது வாசகர்களாகிய உங்கள் கையில் இருக்கிறது.

2017 ஜனவரியில் பெரியும்மா மௌத்தானார். உம்மாவின் ஒரே ராத்தா. கல்யாணம் முடித்து கெக்கிராவைப் பக்கம் போனவர். ஸுபஹுக்குப் பிறகு செய்தி வந்தது. அஸருக்கு அடக்கம் என்றார்கள். எங்கள் கரையோரத்திலிருந்து மட்டக்களப்பு, பொலன்னறுவை, ஹபரணை என்று ஐந்து மணித்தியாலப் பாதை. அவசரமாக ஒரு வேன் பேசினோம். மச்சான்மார், மருமகன்மார், சாச்சா என்று ஆட்கள் ஏறிவிட்டார்கள். உம்மா மட்டும் வரவில்லை.

நான் தங்கச்சி வீட்டுக்குள் போய்ப் பார்த்தேன். எங்கள் பகுதி வழக்கப்படி நான் மனைவி வீட்டிலும் உம்மா கடைசித் தங்கச்சி வீட்டிலும் இருக்கிறோம். அறைக்குள் கட்டில் நுனியில் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு உம்மா அழுதுகொண்டிருந்தார். "எனக்கு ஏலா மகன். நீங்க போயிட்டு வாங்க" என்றார். காய்ச்சலா என்று கேட்டேன். இல்லை. தலைச்சுற்றா? இல்லை. வெளியே வேன்காரர் ஹோன் அடித்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"கூடப் பிறந்த ராத்தாட மையத்துக்கே போகல்ல எண்டா, நாளைக்கு உங்கட மையத்துக்கு யாரு வருவா?"

இப்படித்தான் சொன்னேன். இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குப் பணிவைப் பற்றிப் பாடம் நடத்துகிறவன் சொன்ன வார்த்தை இது. உம்மா ஒன்றும் பேசவில்லை. நாங்கள் போய் அடக்கிவிட்டு நள்ளிரவில் திரும்பி வந்தோம். கெக்கிராவையில் எல்லோரும், "உங்கட உம்மா வரல்லியா?" என்று கேட்டார்கள். சுகமில்லை என்று பொய் சொன்னேன். அது பொய்யில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

அந்த வருட நோன்பு மே மாதக் கடைசியில் தொடங்கியது. பாடசாலை விடுமுறை. பெண்களுக்கான தராவீஹ் எங்கள் தெருவிலுள்ள மத்ரஸாவில் நடக்கும். உம்மா அதில் முதல் ஸப்பில் நிற்கிறவர். அந்த வருடம் ஒரு நாளும் போகவில்லை. ஒரு நாள் சஹர் முடிந்து படுக்கப் போகும்போது மனைவியிடம் அதைச் சொல்லிக் குறைபட்டேன். உம்மாவுக்கு வயது போகப் போகப் பிடிவாதம் கூடுகிறது என்றேன்.

மனைவி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மாமிக்கு மூத்திரம் நிக்கிறல்ல. இருமினா, தும்மினா, குனிஞ்சி எழும்பினா போயிரும். ஸுஜூதுல இருந்து எழும்பக்குள்ள போயிரும். ஒவ்வொரு ரக்அத்துக்கும் வுளு எடுக்க ஏலுமா? சனத்துக்கு முன்னால மணத்தா என்ன செய்யிற? அதான் போறல்ல. கெக்கிராவைக்கும் அதான் போகல்ல. வேன் முழுக்க ஆம்புளைகள். எத்தின தரம் நிப்பாட்டச் சொல்லுற?"

எத்தனை வருடமாக என்று கேட்டேன். "உங்கட தங்கச்சி பிறந்ததுல இருந்து கொஞ்சம் கொஞ்சம். இப்ப அஞ்சாறு வருஷமா கூட." தங்கச்சிக்கு அப்போது முப்பத்து நான்கு வயது.

பிறகு அவர் இன்னொன்றும் சொன்னார். "மாமிக்கு மட்டுமில்ல. எனக்கும்தான். மூணாவதுக்குப் பிறகு. தும்மினா மட்டும்."

ஒரே இரவில் நான் இரண்டு பெண்களைப் பற்றி அறிந்தேன். ஒருவர் என்னைப் பெற்றவர், மற்றவர் என்னோடு பதினேழு வருடம் வாழ்ந்தவர். ஸுபஹுக்கு அதான் சொல்லும் வரை விழித்திருந்தேன்.

பிறகு தங்கச்சி சொல்லித்தான் மற்றவை தெரிய வந்தன. பழைய சாரன்களைக் கிழித்து மடித்து வைத்துக்கொள்வதும், அவற்றை யாரும் பார்க்காத நேரத்தில் கிணற்றடியில் கழுவி, ஆட்டுக் கூட்டுக்குப் பின்னால் காயப்போடுவதும், கல்யாண வீடுகளுக்குப் போனால் உட்காராமல் நின்றபடியே பேசிவிட்டு வந்துவிடுவதும். எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, உம்மா தண்ணீர் குடிப்பதைக் குறைத்திருந்தார். சஹருக்கே அரைக் கோப்பைதான். குடிக்காவிட்டால் வராது என்பது அவருடைய கணக்கு. ஆனால் நாள் முழுக்கத் தண்ணீர் போதாவிட்டால் சிறுநீர் கடுத்துச் சிறுநீர்ப்பையை உறுத்தும், அவசரம்தான் கூடும். கிருமித் தொற்றும் இலகுவாக வரும். உம்மாவுக்கு அடிக்கடி வந்த எரிவுக்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

சில வருடங்களுக்கு முன் தங்கச்சி அவரை நகரத்தில் ஒரு தனியார் வைத்தியரிடம் கூட்டிப்போயிருக்கிறார். அவர் தலையைத் தூக்கிப் பார்க்காமலே, "வயசானா அப்படித்தான்" என்று சொல்லி விற்றமின் குளிசை எழுதியிருக்கிறார். அதோடு உம்மா அந்தக் கதையை மூடிவிட்டார்.

நான் விஞ்ஞானம் கற்பிக்கிறவன். பத்தாம் ஆண்டுக்குக் கழிவகற்றல் தொகுதி படிப்பிக்கும்போது கரும்பலகையில் இரண்டு சிறுநீரகம், இரண்டு சிறுநீர்க்கான், ஒரு சிறுநீர்ப்பை, ஒரு சிறுநீர்வழி என்று வரைந்து பெயரிடுவேன். பிள்ளைகள் பார்த்து வரைவார்கள். அந்தச் சிறுநீர்ப்பை எதன் மேல் இருக்கிறது, அதைக் கீழிருந்து தாங்குவது எது என்று நானும் சொன்னதில்லை, எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. என் படத்தில் சிறுநீர்ப்பை அந்தரத்தில் தொங்கும்.

உண்மையில் அதற்குக் கீழே ஒரு தளம் இருக்கிறது. முன்பக்கம் பூப்பென்பிலிருந்து பின்பக்கம் வால் எலும்பு வரைக்கும், பிள்ளைக்குக் கட்டும் ஏணையைப் போலத் தசைகள் விரிந்து கிடக்கின்றன. இடுப்புத்தளத் தசைகள் என்பார்கள். சிறுநீர்ப்பை, கருப்பை, குடல் எல்லாவற்றையும் தாங்குவது அந்த ஏணைதான். சிறுநீர்வழியைச் சுற்றி இறுக்கிப் பிடிப்பதிலும் அதற்குப் பங்குண்டு. பிள்ளை பிறக்கும்போது அந்த ஏணை மிகவும் இழுபடுகிறது. ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பிரசவம், பாரம் தூக்குதல், தீராத இருமல், மலச்சிக்கல், உடற்பருமன், மாதவிடாய் நின்ற பிறகு வரும் மாற்றங்கள் எல்லாம் சேர்ந்து அதைத் தளர்த்திவிடுகின்றன. உம்மா ஏழு பிள்ளை பெற்றவர். ஆறு பிரசவம் வீட்டில், மருத்துவிச்சி கையில். நாற்பதாம் நாள் முடிந்ததும் உரலில் நெல் குத்தியவர். விறகுப் புகையில் முப்பது வருடம் இருமியவர். தளர்ந்த ஏணையில் இருமலின் அழுத்தம் விழும்போது வாய் இறுகாமல் கசிகிறது. இது ஒரு வகை. திடீரென்று அடக்க முடியாமல் வந்து, கக்கூசுக்குப் போவதற்குள் போய்விடுவது இன்னொரு வகை. சிலருக்கு இரண்டும் கலந்திருக்கும். உம்மாவுக்கும் அப்படித்தான்.

நான் முதலில் போனது வைத்தியரிடம் இல்லை, எங்கள் பள்ளிவாசல் மௌலவியிடம். யாருக்கென்று சொல்லாமல் சட்டம் கேட்டேன். அவருக்கு விளங்கியிருக்கும். நிற்காமல் கசிந்துகொண்டே இருப்பவர், தொழுகை நேரம் வந்த பிறகு சுத்தம் செய்து, துணி வைத்துக்கட்டி, வுளு எடுத்து, தாமதிக்காமல் தொழ வேண்டும். ஒவ்வொரு பர்ளுக்கும் புதிதாக வுளு. அதற்கிடையில் கசிந்தாலும் தொழுகை கூடும் என்றார். இருமும்போது மாத்திரம் வருகிறவருக்கு அந்தச் சலுகை இல்லை, வந்தால் கழுவி மீண்டும் வுளு எடுக்க வேண்டும் என்றும் விளக்கினார். நான் ஸலாம் சொல்லிப் புறப்படும்போது, "சேர், சட்டம் கேட்டீங்க. மருந்து கேட்டீங்களா?" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்போதும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஒரு பத்திரிகையின் சுகாதாரப் பக்கத்தில் இதற்குத் தேகப்பயிற்சி உண்டென்று ஒரு குறிப்பு வந்திருந்தது. 'சிறுநீரை அடக்குவதுபோலத் தசைகளை இறுக்குங்கள்' என்று நாலு வரி. அதைப் போட்டோப் பிரதி எடுத்து மனைவியிடம் கொடுத்தேன். மனைவி உம்மாவுக்கு வாசித்துக் காட்டினார். உம்மா ஒரு மாதம் ஒழுங்காகச் செய்தார். செய்யச் செய்யக் கசிவு கூடியது. "இது எனக்குச் சரிவராது மகள்" என்று மருமகளிடம் சொல்லி விட்டுவிட்டார். நான் ஒரு மகனாக எல்லாம் செய்துவிட்டேன் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

என்னிடம் படித்த ஒரு மாணவி அப்போது மருத்துவ பீடத்தில் மூன்றாம் வருடம். பெருநாளுக்கு வீட்டுக்கு வந்தவரிடம் மனைவி இதைப் பேச, அவர் சொல்லியிருக்கிறார்: "ஆண்ட்டி, அது வாசிச்சுப் படிக்கிற விஷயமில்ல. ஒருத்தர் தொட்டுப் பார்த்துச் சரியா பிழையா எண்டு சொல்லணும். சேர்ட உம்மாவ பிசியோதெரபிக்குக் கூட்டிப்போங்க."

2017 ஓகஸ்டில் ஆதார வைத்தியசாலைக்குப் போனோம். பெண்நோயியல் கிளினிக்கில் முதலில் சீனி, சிறுநீர் இரண்டையும் பரிசோதித்தார்கள். சீனி வருத்தம் இருந்தாலும் தொற்று இருந்தாலும் சிறுநீர் இப்படிப் போகும் என்பதால் அதைப் பார்க்காமல் எதுவும் தொடங்குவதில்லை. தொற்றுக்கு மருந்து தந்தார்கள். கருப்பை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, சத்திரசிகிச்சை தேவைப்படும் அளவில் இல்லை என்று பெண் வைத்தியர் சொல்லி, பிசியோதெரபிப் பிரிவுக்குத் துண்டு எழுதித் தந்தார்.

அங்கே இருந்தவர் என் தங்கச்சியைவிட இளையவரான ஒரு தமிழ்ப் பெண். உம்மாவை மட்டும் திரைக்கு உள்ளே கூப்பிட்டார். நானும் மனைவியும் வெளியே வாங்கில் இருந்தோம். கால் மணித்தியாலம் கழித்து உள்ளேயிருந்து உம்மாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பிள்ளையின் குரல்: "அம்மா, நீங்க கீழ தள்ளுறீங்க. பிள்ளை பெறுற மாதிரி. மேல தூக்க வேணும். கிணத்துல வாளிய இழுக்கிற மாதிரி, மேல, மேல."

உம்மா ஒரு மாதமாகச் செய்தது அதுதான். இறுக்கச் சொன்னால் அவர் முக்கியிருக்கிறார். ஏழு தரம் அவருடைய உடம்புக்குச் சொல்லப்பட்டது 'முக்கு' என்பதுதானே. நான் கொடுத்த நாலு வரியை வைத்துக்கொண்டு, தளர்ந்த ஏணையை மேலும் கீழே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறார்.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கு முதல் தவணையிலேயே படிப்பித்தது, ஆசிரியர் சொன்னாரா என்பது கேள்வியில்லை, பிள்ளை கற்றதா என்பதே கேள்வி என்று. வகுப்பில் ஒரு கணக்கைச் சொல்லிக் கொடுத்தால் கொப்பியை வாங்கிப் பார்க்காமல் நான் அடுத்த கணக்குக்குப் போவதில்லை. சொந்த உம்மாவுக்கு ஒரு தாளைக் கொடுத்துவிட்டு ஒரு மாதம் திரும்பிப் பார்க்கவில்லை.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்த தவறில்லை என்று பிறகு அந்த மாணவி அனுப்பிய கட்டுரைகளில் வாசித்தேன். 1991இல் அமெரிக்காவில் 47 பெண்களுக்கு இந்தப் பயிற்சியை வாயால் மட்டும் சொல்லிக்கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள். 23 பேர்தான் சரியாகச் செய்தார்கள். 12 பேர் செய்த விதம் கசிவைக் கூட்டக்கூடியதாக இருந்தது. நாலில் ஒருவர் உம்மாவைப் போல.

அந்தப் பிள்ளை சொல்லிக்கொடுத்த முறையை உம்மா சொல்லச் சொல்லக் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். மல்லாந்து படுத்து முழங்காலை மடித்து வைக்க வேண்டும். சபையில் காற்றுப் பிரியாமல் அடக்குவோமே, அப்படிப் பின்வாயிலை இறுக்கி, அந்த இறுக்கத்தை முன்பக்கமாகக் கொண்டுவந்து, உள்ளுக்குள் மேலே இழுக்க வேண்டும். வயிறு, தொடை, பிட்டம் மூன்றும் தளர்ந்திருக்க வேண்டும். மூச்சைப் பிடிக்கக் கூடாது. ஐந்து எண்ணும் வரை பிடித்து, மெல்ல விட்டு, அதே அளவு நேரம் ஆறவிட வேண்டும். இப்படி எட்டுத் தரம். ஒரு நாளைக்கு மூன்று வேளை. பழகப் பழக எட்டு, பத்து எண்ணும் வரை பிடிக்கலாம். அதோடு, சட்டென்று இறுக்கிச் சட்டென்று விடுவதும் சில தரம். படுத்துச் சரிவந்த பின் இருந்து, பிறகு நின்று. சிறுநீர் கழிக்கும்போது இடையில் நிறுத்திப் பழகுவதைப் பயிற்சியாகச் செய்யக் கூடாது. சிறுநீர்ப்பை முழுதாக வெளியேறாமல் போகும்.

இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. இருமல் வரப்போகிறது என்று தெரிந்தவுடன், தும்மலுக்கு முன், பாரம் தூக்க முன், ஸுஜூதிலிருந்து எழும்ப முன், முதலில் இறுக்கிக்கொண்டு பிறகு செய்வது. தசை பலப்படுவதற்கு மாதங்கள் வேண்டும். இந்த நேரமறிந்து இறுக்குவது அதற்கு முன்பே பலன் தரும். 1998இல் வந்த ஓர் ஆய்வில் வயதான பெண்கள் ஒரு வாரம் இதை மட்டும் பழகியே இருமலின்போது கசிவை வெகுவாகக் குறைத்திருக்கிறார்கள்.

எண்ணுவதில்தான் உம்மா தடுமாறினார். தஸ்பீஹை இதற்கு எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. நான் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு எண் படிப்பித்த காலத்துப் பழக்கத்தில், எட்டுப் புளியங்கொட்டையைக் கழுவிக் காயவைத்து ஒரு வெறும் மாஜரின் டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். ஒரு தரம் செய்தால் ஒரு கொட்டை மூடிக்குள் போகும். மூடியில் எட்டும் சேர்ந்தால் அந்த வேளை முடிந்தது. லுஹர், மஃரிப், இஷா முடிந்து முஸல்லாவை மடித்து வைத்த பிறகு டப்பா வெளியே வரும். கடை கொடுத்த கலண்டரில், கசிந்த நாளுக்குப் புள்ளடி போட்டார். எழுத்து மறந்தவர், ஆனால் புள்ளடி போட மறக்கவில்லை.

ஆறாவது கிழமையில் கலண்டரைப் பார்த்தேன். முதல் கிழமைக்கும் ஆறாவது கிழமைக்கும் பெரிய வித்தியாசமில்லை. "விட்டுருவமா மகன்?" என்றார். பிசியோதெரபிப் பிள்ளை முதல் நாளே சொல்லியிருந்தார்: மூன்று மாதம் செய்யாமல் பலனைக் கேட்கக் கூடாது. கணக்கு வராத பிள்ளைக்கு நான் சொல்வதையே உம்மாவுக்கும் சொன்னேன். இரண்டு கிழமைக்கு ஒரு தரம் கிளினிக்குக்கு மனைவி கூட்டிப்போனார். ஒவ்வொரு தரமும் அந்தப் பிள்ளை பார்த்து, சரியான இடத்தில் இறுகுகிறது, இன்னும் கொஞ்சம் பிடியுங்கள் என்று சொல்லி அனுப்பினார். உம்மா எனக்காகச் செய்யவில்லை, அந்தப் பிள்ளை 'கெட்டிக்காரி' என்று சொல்வதற்காகச் செய்தார் என்று நினைக்கிறேன். அறுபத்தெட்டு வயதில் ஒருவர் அவருக்குச் 'சரி' போட்டார்.

நவம்பரில் புள்ளடிகள் கிழமைக்கு இரண்டு மூன்றாகக் குறைந்தன. திடீரென்று வரும் அவசரத்துக்கு வேறு பயிற்சி. அவசரம் வந்தவுடன் ஓடக் கூடாது. நின்ற இடத்தில் நின்று நாலைந்து தரம் சட்சட்டென்று இறுக்க வேண்டும். அலை தணிந்ததும் நடந்து போக வேண்டும். முதலில் ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் போனவர், இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டி இரண்டரை மணித்தியாலம் வரைக்கும் கொண்டுவந்தார். தேத்தண்ணியை ஆறு கோப்பையிலிருந்து இரண்டாகக் குறைத்தார். தண்ணீரைக் கூட்டினார். முழுதாகச் சுகமாகிவிட்டது என்று எழுத மாட்டேன். கடும் இருமல் பிடித்த நாட்களில் இன்றும் ஒரு துணி வேண்டும். இரவில் ஒரு தரம் எழும்புகிறார். ஆனால் ஆட்டுக் கூட்டுக்குப் பின்னால் இப்போது ஒன்றும் காய்வதில்லை.

இந்தப் பயிற்சியின் வரலாற்றை வாசித்தபோது எனக்கு ஏற்பட்டது வியப்பில்லை, துக்கம். அமெரிக்கப் பெண்நோயியல் மருத்துவர் ஆர்னோல்ட் கெகல் இதைப் பற்றிய தன் கட்டுரையை வெளியிட்டது 1948இல். நமது நாடு சுதந்திரம் பெற்ற வருடம். உம்மா பிறந்தது அதற்கு அடுத்த வருடம். கெகலும் வாயால் சொல்லி விடவில்லை. தசை இறுகுவதைப் பெண்களே முள் நகர்வதில் பார்த்துக்கொள்ளும்படி ஓர் அழுத்தமானியைச் செய்து கொடுத்தார். நோர்வேயில் 107 பெண்களை வைத்து நடத்திய ஆய்வு 1999இல் வெளிவந்தது. ஆறு மாதம் ஒழுங்காகச் செய்த பயிற்சி, மின்தூண்டல் போன்ற முறைகளைவிட மேலானது என்று அது காட்டியது. 14 நாடுகளில் நடந்த 31 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கொக்ரேன் மீளாய்வு 2018இல் வந்தது. இருமினால் கசியும் வகையினரில், பயிற்சி செய்தவர்களில் 100க்கு 56 பேர் குணமானதாகச் சொன்னார்கள். செய்யாதவர்களில் 6 பேர்.

ஆக, உம்மாவைவிட ஒரு வயது மூத்த ஓர் அறிவு, மருந்தில்லாத, கத்தியில்லாத, ஒரு சதம் செலவில்லாத ஓர் அறிவு, அவரிடம் வந்து சேர அறுபத்தெட்டு வருடம் எடுத்திருக்கிறது. கடல் கடந்து வர எடுத்த காலம் குறைவுதான். நம் வீட்டு வாசலிலிருந்து அறைக்குள் போகத்தான் அதிக காலம் எடுத்தது. ஆண்கள் கேட்கவில்லை. பெண்கள் சொல்லவில்லை. ஒரு வைத்தியர் வயதென்று சொல்லி அனுப்பினார். நான் பிடிவாதம் என்றேன்.

மனைவியும் உம்மாவோடு சேர்ந்து செய்தார். அவருக்கு இரண்டரை மாதத்தில் நின்றுவிட்டது. முதல் பிள்ளைக்கு முன்பே கர்ப்பிணிகள் இதைப் பழகினால் கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் கசிவு குறைகிறது என்று 2003இல் நோர்வேயில் 301 பெண்களிடம் செய்த ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. போன வருடம் எங்கள் மூத்த மகள் கர்ப்பமாக இருந்தபோது உம்மாவே அவரைப் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போனார். போகும்போது டப்பாவைக் கையில் கொண்டுபோனார்.

ஊரில் எத்தனை வீடுகளில் எத்தனை பெண்கள் தராவீஹுக்குப் போகாமல் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. உம்மாவுக்குக் கொஞ்சம் தெரியும் போலிருக்கிறது. அஸருக்குப் பிறகு அவரைத் தேடி யாராவது வந்தால் அறைக் கதவு சாத்தப்படும். சிரிப்புச் சத்தம் கேட்கும். உம்மா ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு. வந்தவர்களுக்கு ஏதோ சொல்வார், ஆனால் கடைசியில், "நான் செல்லுறத வச்சிச் செய்யாதீங்க. மிட்வைஃப் மிஸ்ஸிட்ட செல்லி ஆஸ்பத்திரிக்குப் போங்க. அந்தப் புள்ள பாத்துச் செல்லட்டும்" என்பார். சிறுநீரில் இரத்தம் கண்டாலோ, வலித்தாலோ, கால் மரத்துத் திடீரென்று இப்படி ஆனாலோ பயிற்சி எல்லாம் பிறகு, முதலில் வைத்தியர் என்பதையும் சொல்வார். நான் ஒரு மாதம் பிழையாகப் படிப்பித்ததன் பாடத்தை உம்மா சரியாகப் படித்திருக்கிறார்.

2018 ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கிழமை உம்மா தானாகவே, "ராத்தாட ஊட்டுக்குப் போயிட்டு வருவமா?" என்று கேட்டார். வேன் பேசுவோம் என்றேன். வேண்டாம், பஸ்ஸில் போகலாம் என்றார். யன்னல் ஓரம் இருந்தார். பொலன்னறுவையில் பஸ் நின்றதும் இறங்கிப் போய்விட்டு வந்து, ஒரு போத்தல் தண்ணீர் வாங்கச் சொல்லிக் குடித்தார். ஹபரணை தாண்டி எங்கோ ஒரு தூசிப் பாதையில் அவருக்குத் தும்மல் வந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்து, ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினார்.

பெரியும்மாவின் வீட்டில் அவருடைய கட்டில் அப்படியே கிடந்தது. உம்மா அதில் போய் உட்கார்ந்தார். பயப்படாமல், சாய்ந்து, நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். பெரியும்மாவின் மகள் கடைசி நாட்களைச் சொல்லச் சொல்லக் கேட்டு அழுதார். ஒன்றரை வருடம் பிந்திய அழுகை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் அன்றைக்குச் சொன்ன வார்த்தைக்காக மாப்புக் கேட்டேன். ஒரு ஆசிரியர் எப்படிக் கேட்பாரோ அப்படி, நீட்டி முழக்கி.

"நீங்க தெரியாமத்தானே சென்னீங்க மகன்" என்றார் உம்மா. "நான்தான் உங்களுக்குச் செல்லல்லியே."

பிறகு, வாழைச்சேனை வர முன் எழுப்பச் சொல்லிவிட்டு, என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.